பன்றிக்குட்டி திருடிய மாணவரும் ஒரு நுண்சில்லும்

1948ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள கிரினெல் என்ற சிற்றூர். அங்குள்ள கல்லூரி விடுதி மாணவர்கள் ஹவாய் பாணியில் ஒரு விருந்து நடத்த முடிவு செய்தனர். ஹவாய் விருந்து என்றால் முழுப் பன்றியைச் சுட்டு வைப்பது வழக்கம். அதைக் கொண்டுவரும் பொறுப்பு இரண்டு மாணவர்களிடம் வந்தது. அவர்கள் இரவோடு இரவாகப் பக்கத்துப் பண்ணைக்குள் புகுந்து, சுமார் 11 கிலோ எடையுள்ள ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கி வந்துவிட்டனர்.

விருந்து முடிந்ததும் மனம் உறுத்தியது. இருவரும் பண்ணைக்காரரிடமே நேரில் சென்று, செய்த தவற்றை ஒப்புக்கொண்டு, பன்றிக்குரிய பணத்தைத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால், விவசாயத்தை நம்பி வாழும் அயோவாவில் கால்நடைத் திருட்டு சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். போதாக்குறைக்கு, அந்தப் பண்ணைக்காரர்தான் ஊரின் மேயர்!

அந்த இரு மாணவர்களில் ஒருவரின் பெயர் ராபர்ட் நோய்ஸ். அப்போது அவருக்கு வயது 20. இதை எழுதும் எனக்கும் அதே வயதுதான். அன்று அவர் சிறைக்குப் போயிருந்தால், இன்று உங்கள் கையில் உள்ள கைப்பேசியின் கதையே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கலாம்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

நோய்ஸ் 1927ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் அயோவாவில் பிறந்தார். தந்தை கிறிஸ்துவப் பாதிரியார். நான்கு ஆண் பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். வசதியான குடும்பம் இல்லை. ஆனால் கைகளுக்கு ஓய்வே கிடையாது. 12 வயதில் தன் அண்ணனுடன் சேர்ந்து, ஓர் ஆள் ஏறிப் பறக்கக்கூடிய மிதவை விமானம் ஒன்றைச் செய்து, கட்டடக் கூரையிலிருந்து அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார். பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிப் பனிச்சறுக்கு வண்டிக்குப் பொருத்தினார். எதையும் வாங்குவதற்கு முன் செய்து பார்ப்பது அவருடைய பழக்கமாகிவிட்டது.

கிரினெல் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்தார். முக்குளிப்புப் போட்டியில் வெற்றியாளராகவும் திகழ்ந்தார். அங்குதான் கிராண்ட் கேல் என்ற இயற்பியல் பேராசிரியர் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். பன்றி விவகாரம் பெரிதானபோது, இந்தப் பேராசிரியரும் கல்லூரித் தலைவரும் முன்னின்று பேசினார்கள். வழக்கு கைவிடப்பட்டது. நோய்ஸ் ஒரு தவணைக்குக் கல்லூரியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த மாதங்களில் நியூயார்க்கில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தார். பிறகு திரும்பி வந்து, 1949இல் தன் வகுப்புத் தோழர்களுடனேயே பட்டம் பெற்றார்.

அவர் திரும்பி வந்த காலத்தில் இயற்பியல் துறையில் ஒரு புதிய பேச்சு கிளம்பியிருந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் என்ற சிறு கருவி கண்டுபிடிக்கப்பட்டது. சூடாகி எரிந்துபோகும் வெற்றிடக் குழாய்களுக்குப் பதிலாக, குறைக்கடத்தித் துண்டு ஒன்றே மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் பெருக்கவும் செய்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீன், கேலுக்கு முன்பே அறிமுகமானவர். பெல் ஆய்வகத்திலிருந்து தகவல்களை வரவழைத்து, அந்தச் சிற்றூர்க் கல்லூரியில் கேல் டிரான்சிஸ்டரைப் பற்றிப் பாடம் நடத்தினார். நோய்ஸின் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

மேற்படிப்புக்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று, 1953இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

எட்டுப் பேர் எடுத்த முடிவு

1956இல் வில்லியம் ஷாக்லி என்ற மேதையிடமிருந்து நோய்ஸுக்கு அழைப்பு வந்தது. டிரான்சிஸ்டருக்காக அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அவர். கலிபோர்னியாவில் சொந்தமாக ஓர் ஆய்வகம் தொடங்கியிருந்தார். நோய்ஸ் குடும்பத்தோடு அங்கே குடிபெயர்ந்தார்.

ஆனால் ஷாக்லிக்கு ஆட்களை நிர்வகிக்கத் தெரியவில்லை. உடன் வேலை செய்தவர்களையே அவர் சந்தேகப்பட்டார். இளம் ஆய்வாளர்களின் பொறுமை கரைந்தது. 1957 செப்டம்பரில் எட்டுப் பேர் ஒன்றாக வேலையை விட்டு விலகினர். அவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் நோய்ஸ். நோபல் அறிஞரிடமிருந்து விலகி, பெயரே இல்லாத ஒரு புது முயற்சியில் இறங்குவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. பிள்ளைகள் சிறியவர்கள். தோற்றால் போக்கிடம் இல்லை. இருந்தும் துணிந்தார். அந்த எட்டுப் பேரும் சேர்ந்து ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினர்.

கம்பி இல்லாத மின்சுற்று

அக்காலப் பொறியாளர்களை வாட்டிய சிக்கல் ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாகச் செய்து, பிறகு மெல்லிய கம்பிகளால் ஒவ்வொன்றையும் கையால் இணைக்க வேண்டும். ஒரு கணினியில் ஆயிரக்கணக்கான இணைப்புகள். ஒரே ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் இயந்திரம் முழுவதும் படுத்துவிடும். டிரான்சிஸ்டர் எவ்வளவு சிறியதானாலும் கம்பிகள் குறுக்கே நின்றன.

1958 செப்டம்பரில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஜேக் கில்பி, ஒரு மின்சுற்றின் உறுப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஜெர்மானியத் துண்டில் அமைத்துக் காட்டினார். அது மாபெரும் முன்னேற்றம். ஆனாலும் அதில் உறுப்புகளை இணைக்கத் தங்கக் கம்பிகள் மேலே தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

நோய்ஸுக்கு வழி காட்டியது அவருடைய சகா ஜீன் ஹோர்னியின் கண்டுபிடிப்பு. சிலிக்கானின் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு படலத்தை நீக்காமல் அப்படியே விட்டுவிட்டால், அது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைத் தூசியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கும் என்று ஹோர்னி கண்டறிந்தார். நோய்ஸ் அடுத்த படியை யோசித்தார். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியானால் அதன் மேல் அலுமினியக் கோடுகளை அச்சிட்டு, தேவைப்படும் இடங்களில் மட்டும் படலத்தில் சிறு துளைகளைத் திறந்துவிட்டால் போதுமே! கோடுகளே கம்பிகளாகிவிடும். கையால் இணைக்க வேண்டிய வேலை இல்லை. 1959 ஜனவரியில் இந்த எண்ணத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதினார். ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1961 ஏப்ரலில் அது கிடைத்தது.

பிறகு இரு நிறுவனங்களுக்கும் இடையே நீண்ட காப்புரிமை வழக்கு நடந்தது. வழக்கு முடிவதற்கு முன்பே இரு தரப்பும் உரிமையைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டன. இன்று உலகம் கில்பி, நோய்ஸ் இருவரையுமே நுண்சில்லின் தந்தையர் என்று ஏற்றுக்கொண்டுள்ளது.

புதிய பொருளை முதலில் நம்பி வாங்கியவர்களில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகமும் இருந்தது. நோய்ஸ் படித்த அதே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், நிலவுப் பயணத்துக்கான அப்போலோ வழிகாட்டிக் கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய கணினிகள் ஓர் அறையையே அடைத்துக்கொள்பவை. விண்கலத்தில் அதற்கு ஏது இடம்? இன்னும் முழுமையாகச் சோதிக்கப்படாத நுண்சில்லுகளை நம்பலாமா என்ற தயக்கத்தையும் மீறி, அவர்கள் ஃபேர்சைல்டின் சில்லுகளைக் கொண்டு வடிவமைப்பைத் தொடங்கினர். அதன் பயனாகச் சுமார் 32 கிலோ எடையுள்ள ஒரு பெட்டிக்குள் கணினி அடங்கியது. 1969இல் அது மனிதனை நிலவில் இறக்கியது.

இன்டெல்லும் பினாங்கும்

1968இல் நோய்ஸும் நண்பர் கோர்டன் மூரும் ஃபேர்சைல்டிலிருந்து விலகி இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினர். அங்கே மேலதிகாரிக்கென்று தனி வாகன நிறுத்துமிடமோ ஆடம்பர அறையோ வேண்டாம் என்பதில் நோய்ஸ் உறுதியாக இருந்தார். யோசனை யாரிடமிருந்து வந்தாலும் செவிமடுத்தார். 1971இல் டெட் ஹாஃப், ஃபெடரிகோ ஃபேஜின், ஸ்டான் மேஸர், ஜப்பானியரான மசதோஷி ஷிமா ஆகியோரின் உழைப்பில் இன்டெல் 4004 என்ற நுண்செயலி வெளிவந்தது. விரல்நகத்தைவிடச் சிறிய அந்தச் சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன.

அடுத்த ஆண்டு நடந்தது நமக்கு நெருக்கமான செய்தி. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கிய இடம், நம் பினாங்கின் பாயான் லெப்பாஸ். வயல்வெளியாக இருந்த இடத்தில் மின்னியல் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. பூதக்கண்ணாடிக்குக் கீழே சில்லுகளைப் பொருத்தி ஓடாய் உழைத்த அம்மாமார்களும் அத்தைமார்களும் நம்மில் பலருடைய வீட்டில் உண்டு. அவர்களுடைய சம்பளத்தில்தான் எத்தனையோ பேர் பல்கலைக்கழகப் படி ஏறினோம்.

நோய்ஸ் 1990 ஜூன் 3ஆம் நாள், தன் 62ஆம் வயதில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் மாரடைப்பால் காலமானார். நுண்சில்லுக்காக கில்பிக்கு நோபல் பரிசு கிடைத்தது 2000ஆம் ஆண்டில்தான். மறைந்தவர்களுக்கு அந்தப் பரிசு தரப்படுவதில்லை. ஆனால் கில்பி பெருந்தன்மையோடு நோய்ஸின் பங்கை உலகறியச் சொன்னார்.

எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் சில ரிங்கிட் விலையுள்ள சிறு சில்லுப் பலகையைக் கொண்டு ஆற்று நீரின் தூய்மையை அளக்கிறார்கள்; இதயத் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். சில்லு பழுதானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தவறு செய்த ஒரு மாணவரை கிராண்ட் கேல் அப்படித் தூக்கிப் போட்டுவிடவில்லை.

இடைநீக்கம், தேர்வில் தோல்வி, தவறான ஒரு முடிவு என்று ஏதோ ஒன்றில் சிக்கித் தவிக்கும் நண்பர்கள் நம் நடுவிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியது நோய்ஸ் செய்ததுதான். நேரில் போய்த் தவற்றை ஒப்புக்கொள்ளுங்கள், தண்டனையை ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு வகுப்புக்குத் திரும்பி வாருங்கள். மற்ற நாம் செய்ய வேண்டியது கேல் செய்தது. திரும்பி வருபவருக்கு ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருப்போம்.