தாய்நாட்டை மறவாத இசைமேதை

பியானோ இசையில் பெரும்புகழ் பெற்ற பிரெடெரிக் ஷோப்பன், போலந்து நாட்டில் வார்சா நகரை அடுத்த சிற்றூரில் 1810-ஆம் ஆண்டு பிறந்தார். ஏழாம் வயதிலேயே அவர் இயற்றிய இசை அச்சேறியது.

1830 நவம்பர் மாதத் தொடக்கத்தில், இசைத்துறையில் மேன்மை பெற விரும்பி, அவர் வியன்னாவுக்குப் புறப்பட்டார். அம்மாத இறுதியில் வார்சா மக்கள் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. நலிந்த உடலினரான ஷோப்பன் போர்க்களம் புகவில்லை. பாரிசு நகரில் குடியேறி, பியானோ கற்பித்து வாழ்ந்தார். ஆயினும், அவர் உள்ளம் தாய்நாட்டிலேயே நிலைத்திருந்தது. போலந்து நாட்டுப்புற மக்களின் மசூர்க்கா ஆடலைத் தழுவி, ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைப் படைப்புகளை இயற்றினார்.

மீண்டும் வார்சாவைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1849-ஆம் ஆண்டு, 39-ஆம் வயதில், பாரிசில் உயிர்நீத்தார். உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் விரும்பியவாறே, இதயத்தை மட்டும் அவருடைய தமக்கையார் வார்சாவுக்குக் கொண்டு சென்றார். அந்நகரத் திருச்சிலுவைக் கோயிலின் தூண் ஒன்றில் அது இன்றும் உள்ளது.