தேனீக்களின் மொழி அறிந்தவர்

கார்ல் வான் ஃபிரிஷ் 1886ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். தேனீக்கள் நிறமறியா என்று மூத்த அறிஞர் ஒருவர் கூறியதை அவர் ஏற்கவில்லை. சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே இருந்த நீல அட்டையில் மட்டும் சர்க்கரைப் பாகு வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பின்னர்ப் பாகு இல்லாதபோதும் அவை நீலத்தையே நாடின.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றியபோது, இரை கண்டு திரும்பும் தேனீ கூட்டினுள் நடனமாடுவதை ஆராய்ந்தார். வட்ட நடனம் மதுவையும், உடலை அசைத்தாடும் நடனம் மகரந்தத்தையும் குறிக்கும் எனக் கருதி, அதனை வெளியிட்டார்.

1941ஆம் ஆண்டு, அவருடைய முன்னோருள் யூதர் இருந்தமையால் நாஜி அரசு அவரைப் பணியிலிருந்து நீக்க முனைந்தது. அக்காலத்தில் கொடிய நோயால் தேனீக்கள் பெருமளவில் மடிந்தன. அந்நோயை ஆராய அவர் தேவைப்பட்டதால் பணிநீக்கம் தள்ளி வைக்கப்பட்டது. தாம் நேசித்த தேனீக்களாலேயே அவர் காக்கப்பட்டார்.

தொடர்ந்து ஆராய்ந்தபோது, தம் பழைய கருத்து பிழை என உணர்ந்தார். வட்ட நடனம் அருகிலுள்ள உணவையும், அசைந்தாடும் நடனம் தொலைவிலுள்ள உணவையும் உணர்த்தின. தேனடையில் நேர்மேலாக ஆடினால் உணவு சூரியன் இருக்கும் திசையில் உள்ளது என்பது பொருள். தம் பிழையைத் தயங்காது தாமே திருத்தி வெளியிட்டார். கடுகளவு மூளைக்குள் இத்துணை ஆற்றலா என உலகம் வியந்தது.

1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அவர், 1982ஆம் ஆண்டு மறைந்தார். கூர்ந்து நோக்குவதும் பிழையை ஒப்புக்கொள்வதும் அறிஞர்க்கு அழகு என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

வினாக்கள்
1. ஃபிரிஷின் பணிநீக்கம் ஏன் தள்ளி வைக்கப்பட்டது?
2. தேனீ தன் கூட்டத்திற்கு உணவின் திசையை எவ்வாறு உணர்த்துகிறது?