பல் மருத்துவத்தின் தந்தை

பல்வலி என்பது சிறியோர் பெரியோர், செல்வர் வறியோர் என்ற வேறுபாடின்றி மாந்தர் அனைவரையும் வருத்துவது. இன்று பல் நோவுற்றவர் மருத்துவரை நாடிச் செல்கின்றார். மருத்துவர் அவரைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தி, நல்ல ஒளியில் வாயினை ஆராய்ந்து, நோயின் காரணத்தைக் காண்கின்றார். பல் சொத்தையாயிருப்பின் அப்பகுதியைச் சுரண்டித் தூய்மை செய்து அடைக்கின்றார். காக்க இயலாத பல்லாயின், ஈறு மரத்துப்போகுமாறு ஊசியிட்டு, நோவு தோன்றாவண்ணம் அதனை அகற்றுகின்றார். இவ்வளவு வசதியும் ஒரு நாளில் வந்தவை அல்ல. 300 ஆண்டுகட்கு முன்னர்ப் பல் மருத்துவம் தனிக் கலையாக மதிக்கப்படவே இல்லை. அதனை மதிப்புடைய கலையாக உயர்த்தியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பியர் ஃபோஷார் ஆவார்.

அவர் வாழ்ந்த காலத்தில் பல் பிடுங்குவதை முடிதிருத்துவோரும், ஊர் ஊராகச் சுற்றித் திரிவோரும் தொழிலாகக் கொண்டிருந்தனர். சந்தைகளிலும் நாற்சந்திகளிலும் மேடையமைத்து, மக்களைக் கூட்டி, ஆரவாரத்துடன் பல்லைப் பிடுங்குவர். பாரிஸ் மாநகரில் சேன் ஆற்றின்மீது அமைந்த புதுப்பாலம் இத்தகையோர்க்குப் பெயர்பெற்ற இடமாக விளங்கிற்று. நோயாளியைத் தரையில் அமர்த்தி, அவர் தலையைத் தம் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பல்லை இழுப்பதே அக்கால வழக்கம். மயக்க மருந்தும் இல்லை. மரத்துப்போகச் செய்யும் ஊசியும் இல்லை. நோயுற்ற பல்லுடன் அருகிலிருந்த நல்ல பல்லும் பெயர்ந்து வருதலுண்டு. தாடை எலும்பு முறிதலும் உண்டு. 1699-ஆம் ஆண்டில் பிறந்த அரச ஆணையொன்று, பாரிஸில் பல் தொழில் புரிவோர் தேர்வு பெறவேண்டும் என்று விதித்தது. ஆயினும், அத்தேர்வுக்குக் கற்பதற்கு நல்ல நூலும் இல்லை. கற்பிக்கத் தனிப்பள்ளியும் இல்லை.

ஃபோஷார் 1678-ஆம் ஆண்டையொட்டி மேற்குப் பிரான்சில் பிறந்தார். பதினைந்தாம் வயதிலேயே அவர் கடற்படையிற் சேர்ந்தார். அங்கே போத்தலெரே என்னும் தலைமை அறுவை மருத்துவரின்கீழ்ப் பயிற்சி பெறும் பேறு அவருக்குக் கிட்டியது. அம்மருத்துவர் வாய்நோய்களில் நல்ல பயிற்சி உடையவர். நெடுங்காலம் கடலிலே செல்லும் மாலுமிகள் அந்நாளில் ஸ்கர்வி என்னும் நோய்க்கு ஆளாயினர். பசுங்காய்களும் பழங்களும் உணவில் இன்மையால் அந்நோய் தோன்றும். ஈறு வீங்கிக் குருதி கசியும். பற்கள் ஆட்டங்கண்டு உதிரும். இக்கொடுமையை நாள்தோறும் கண்ணுற்ற அவ்விளைஞரின் உள்ளம், வாயின் நோய்களை ஆராய்வதிலேயே ஊன்றி நின்றது.

கடற்படையை விட்டு நீங்கிய ஃபோஷார் ஆஞ்சே என்னும் நகரில் தம் தொழிலைத் தொடங்கினார். பல்லைப் பிடுங்குவோன் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. அறுவை மருத்துவக் கலையின் ஒரு கூறே பல் மருத்துவம் என்பது அவர் கருத்து. ஆதலின், பல் அறுவை மருத்துவர் என்றே தம்மைக் கூறிக்கொண்டார். பொற்கொல்லரும் கடிகாரம் செய்வோரும் முடிதிருத்துவோரும் கையாண்ட கருவிகளை ஊன்றி நோக்கி, அவற்றுள் ஏற்றனவற்றைப் பல் மருத்துவத்துக்கு ஏற்பத் திருத்தி அமைத்துக்கொண்டார். அவர் புகழ் நாளடைவிற் பெருகியது. 1719-ஆம் ஆண்டளவில் அவர் பாரிஸ் நகருக்குச் சென்று குடியேறினார்.

அந்நகரில் திறமையுள்ள பல் மருத்துவர் சிலர் இல்லாமற் போகவில்லை. ஆனால், அவர்கள் தாம் அறிந்ததைப் பிறர்க்கு உரைப்பதில்லை. ஒருவர் பொய்ப்பல் கட்டுவதிலே வல்லவராயிருப்பர். மற்றொருவர் சொத்தையை அடைப்பதில் தேர்ந்தவராயிருப்பர். அம்முறைகளைப் பிறர் அறிந்தால் தம் வருவாய் குறையும் என்று அஞ்சி, அவற்றைத் தொழில் மறையாகப் போற்றினர். அதனால் ஒருவர் இறந்தபின் அவர் கைத்திறமும் அவருடனேயே மறைந்தது. அடுத்து வந்தவர் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டியதாயிற்று. அவருடைய தவறுகளின் பயனையெல்லாம் நோயாளிகளே நுகர்ந்தனர்.

ஃபோஷாரும் அவ்வழியே நடந்திருக்கலாம். பல ஆண்டு உழைப்பால் அவர் கண்ட முறைகள் அவருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தரத்தக்கவை. ஆயினும், மக்கள் துன்பம் நீங்குவதே கல்வியின் பயன் என்று அவர் தெளிந்தார். தாம் கற்றவற்றையும் கண்டவற்றையும் ஒன்றும் ஒளியாது நூலாக எழுதலானார். 1723-ஆம் ஆண்டில் கையெழுத்துப்படி முடிவுற்றது. அதனை உடனே அச்சேற்ற அவர் விரையவில்லை. புகழ்பெற்ற மருத்துவர்களிடமும் அறுவை மருத்துவர்களிடமும் காட்டி, அவர்கள் கூறிய கருத்துகளைக் கேட்டு, ஐந்தாண்டுக் காலம் திருத்தினார். 1728-ஆம் ஆண்டில் 'பல் அறுவை மருத்துவர்' என்னும் பொருளுடைய பெயர் தாங்கி, அந்நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. கருவிகளையும் பொய்ப்பற்களையும் காட்டும் படங்கள் பல அதில் இடம்பெற்றன. படத்தைப் பார்த்து எந்த ஊர்க் கைவினைஞரும் அக்கருவிகளைச் செய்துகொள்ள முடிந்தது.

நோயாளியைத் தரையில் அமர்த்தும் வழக்கத்தை ஃபோஷார் வன்மையாகக் கண்டித்தார். அது தூய்மையற்றது, நோயாளிக்கு அச்சமூட்டுவது, கருவுற்ற மகளிர்க்குக் கேடு தருவது. அசையாத சாய்வு நாற்காலியில் நோயாளியை அமர்த்தி, அவர் தலை நன்கு சாய்ந்திருக்குமாறு செய்து, பின்னரே மருத்துவம் தொடங்குக என்று அவர் வகுத்தார். பல் மருத்துவரின் நாற்காலி இவ்வாறு சிறப்புப் பெற்றது.

சொத்தையின் காரணம் பற்றியும் அவர் புதிதாக எண்ணினார். பல்லினுள்ளே புழு புகுந்து அரிப்பதாலேயே சொத்தை உண்டாகின்றது என்று பண்டைக்கால மக்கள் நம்பினர். நம் நாட்டிலும் சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்று கூறும் வழக்கு உண்டன்றோ? ஃபோஷார் சொத்தைப் பற்களை நுண்ணோக்காடி கொண்டு ஆராய்ந்தார். புழு எதனையும் அவர் காணவில்லை. தாம் காணாத ஒன்றை, முன்னோர் கூறினர் என்பதற்காக அவர் ஏற்கவில்லை. மேலும், இனிப்புப் பண்டங்கள் பல்லுக்குக் கேடு செய்வன என்பதையும் அவர் எடுத்துரைத்தார்.

பல்லின் வெளிப்புறம் எனாமல் என்னும் கடினமான பொருளால் மூடப்பட்டுள்ளது. அதனடியில் அதைவிட மென்மையான பகுதி உண்டு. நடுவே குருதிக் குழாயும் நரம்பும் நிறைந்த பற்கூழ் உள்ளது. சொத்தை மேற்பகுதியைத் தாண்டி உள்ளே செல்லச் செல்ல நோவு மிகும். ஆகவே, தொடக்கத்திலேயே சொத்தையைச் சுரண்டி எடுத்து, அக்குழியை வெள்ளீயத்தாலோ காரீயத்தாலோ பொன் தகட்டாலோ அடைத்துவிடவேண்டும் என்றார் ஃபோஷார். கயிற்றைச் சுற்றிக் கையால் இயக்கும் துளைகருவியையும் அவர் பயன்படுத்தினார். பல்லினுள் சீழ் கட்டியிருப்பின், துளையிட்டு அதனை வெளியேற்றி, நோவைத் தணித்துப் பல்லைக் காக்க முயன்றார். இன்று வேர்ச் சிகிச்சை என்று வழங்கும் முறைக்கு இது முன்னோடி எனலாம்.

பிடுங்குதலை அவர் இறுதி வழியாகவே கொண்டார். அதற்கும் ஒழுங்கான முறை வகுத்தார். அந்நாளைய கருவிகளுள் ஒன்று, கூழைக்கடா என்னும் பறவையின் அலகுபோல் வளைந்திருந்தமையால் அப்பறவையின் பெயராலேயே வழங்கியது. அதனைக் கருத்தின்றிக் கையாண்டால் அருகிலுள்ள பற்களுக்கும் தாடைக்கும் ஊறு நேரும். எப்பல்லுக்கு எக்கருவி ஏற்றது, எப்பக்கம் சாய்த்து எடுக்கவேண்டும் என்பவற்றை அவர் விளக்கினார். தவறிப் பிடுங்கப்பட்ட நல்ல பல்லை அதன் குழியிலேயே மீண்டும் பொருத்தி நிலைபெறச் செய்தலும் கூடும் என்று காட்டினார்.

கோணிய பற்களை நேராக்குதலிலும் அவர் சிறந்து விளங்கினார். துளையிட்ட மெல்லிய உலோகப் பட்டையைப் பல் வரிசையோடு பொருத்தி நூலால் கட்டுவார். அப்பட்டை இடைவிடாது தரும் மெல்லிய அழுத்தத்தால், கோணிய பல் சிறிது சிறிதாகத் தன் இடத்துக்கு வரும். இன்று மாணவர் பலர் பல்லிலே அணியும் கம்பியின் அடிப்படையும் இதுவே. பல் இழந்தோர்க்கு எலும்பு, தந்தம் ஆகியவற்றால் பொய்ப்பல் செய்து பொருத்தினார். மேற்பல் தொகுதி கீழே விழாதிருக்க, அதனைக் கீழ்த்தொகுதியுடன் வில்லால் இணைத்தார்.

நன்மையைக் கற்பித்ததோடு அவர் அமையவில்லை, வஞ்சகத்தையும் வெளிப்படுத்தினார். கூலிக்கு ஒருவனை அமர்த்திக் கூட்டத்தின் நடுவே பல்வலியால் துடிப்பவன்போல் நடிக்கச் செய்து, கோழிக் குருதியுடன் மெல்லிய தோலிற் பொதிந்து வைத்த பல்லை அவன் வாயினின்று எடுத்ததாகக் காட்டிய போலிகளின் சூழ்ச்சியை அவர் நூல் விளக்கிற்று. பல்லை வெண்மையாக்குவதாகக் கூறிக் கடுமையான அமிலத்தைத் தேய்த்து எனாமலையே அழித்தவர்களின் செயலையும் அவர் கண்டித்தார். உண்மையை அறிந்த மக்களை ஏய்த்தல் எளிதன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஃபோஷார் கூறியவை அனைத்தும் இன்றும் ஏற்கத்தக்கன என்று கூற இயலாது. அவர் பயன்படுத்திய காரீயம் உடலுக்கு நஞ்சு என்பதை இன்று நாம் அறிவோம். புழு இல்லை என்று கண்டாரேயன்றி, சொத்தையின் மெய்யான காரணத்தை அவர் காணவில்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரைப் பொருளை அமிலமாக மாற்ற, அவ்வமிலம் பல்லை அரிக்கின்றது என்ற உண்மையை வில்லபி மில்லர் என்னும் அறிஞர் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிறுவினார். நோயாளியின் நோவை முற்றும் அகற்றவும் ஃபோஷாரால் இயலவில்லை. 1846-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர், ஈதர் ஆவியால் நோயாளியை மயங்கச் செய்து நோவின்றி அறுவை நிகழ்தல் கூடும் என்று உலகுக்குக் காட்டினார். எனினும், பின்வந்தோர் திருத்துதற்கும் மேற்செல்லுதற்கும் எழுத்தில் அமைந்த அடிப்படையொன்று வேண்டுமன்றோ? அவ்வடிப்படையை இட்டவர் ஃபோஷாரே.

தம் கலையை வெளியிட்டதனால் அவர் வறுமையுறவில்லை. அவரை நாடி வந்தோர் பலர். 1734-ஆம் ஆண்டில் பாரிஸுக்கு அருகில் ஒரு மாளிகையையும் அவர் வாங்கினார். அவர் நூல் 1733-ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டது. 1746-ஆம் ஆண்டில் அவர் தாமே அதனை விரிவாக்கி இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். 1761-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரிஸ் நகரில் அவர் இயற்கை எய்தினார். பிரிட்டனில் பல் மருத்துவத் தகுதி பெற்ற முதற் பெண்மணியான லிலியன் லின்ட்சே, 1946-ஆம் ஆண்டில் அந்நூலை ஆங்கிலத்தில் தந்தார். 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பல் மருத்துவர்கள் நிறுவிய கழகமொன்று ஃபோஷாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பாரிஸ் நகரில் தம் கைத்திறத்தை மறைத்து வைத்தோர் பலர். அவர்கள் பெயரும் மறைந்தது, கலையும் மறைந்தது. தாம் கண்டதைத் தயங்காது பிறர்க்கு வழங்கிய ஃபோஷாரின் பெயர் 250 ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலைத்து நிற்கின்றது. கல்வியைக் கொடுப்பதால் அது குறைவதில்லை. பலர் கைப்பட்டு வளர்கின்றது. மாணவர்களே, காலையிலும் இரவிலும் பல் துலக்குங்கள். இனிப்பை அளவோடு உண்ணுங்கள். பல்லில் சிறு குறை தோன்றினும் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். அதனோடு, நீங்கள் கற்ற நல்லறிவை அருகிலிருப்போர்க்கும் ஒளியாது கற்பியுங்கள். ஃபோஷாரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.