கன்றைச் சுமந்தவர்கள்

பிரான்சு தேசத்தின் நோர்மண்டிப் பகுதியிலே, குரூஷி என்னுஞ் சிற்றூரில், 1814ஆம் ஆண்டு கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்தவர் ஓவியர் ஷான் பிரான்சுவா மில்லே. இளமையில் தந்தையாரோடு வயலில் உழைத்தார். பின்னர் பாரிஸ் சென்று கலை பயின்றார். 1849இல் பார்பிசோன் கிராமத்திற் குடியேறி, வறுமையோடு போராடியவாறே உழவரையும் அவர்தம் ஆடுமாடுகளையும் தீட்டினார்.

1864ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு அவர் இரு படங்களை அனுப்பினார். மந்தையோடு நிற்கும் இடைப்பெண்ணை யாவரும் புகழ்ந்தனர். மற்றப் படமே ஏளனத்துக்குள்ளாயிற்று. வயலிற் பிறந்த கன்றொன்றை இருவர் முன்னும் பின்னுமாகத் தூக்கி வருகின்றனர். தாய்ப்பசு அதனை நக்கியவாறே பின்தொடர்கிறது. வீட்டு வாயிலிலே பிள்ளைகள் காத்து நிற்கின்றனர். எகிப்தியரின் தெய்வக் காளையைச் சுமப்பதுபோலன்றோ இவர்கள் கன்றைச் சுமக்கின்றனர் என்று விமர்சகர் நகைத்தனர். (நமது பட்டிப்பொங்கலைக் கண்டிருப்பின் என்ன சொல்லியிருப்பரோ!)

பாரம் ஒன்றாயின், திருப்பேழையைச் சுமப்பவர் முகமும் கன்றைச் சுமப்பவர் முகமும் ஒன்றாகவே இருக்கும் என்பது மில்லேயின் விடை. கமக்காரன் மகனல்லவா, அந்தப் பாரத்தை அவர் அறிவார். ஏழைக் குடிலுக்குக் கன்று என்பது நாளைய பாலும் பணமுமாகும். அதனை விழாமற் கொண்டு சேர்ப்பவன் முகத்திற் பக்தி தோன்றுவதில் வியப்பென்ன?

1868இல் அரசின் விருது அவரைத் தேடி வந்தது. 1875 சனவரி 20இல் பார்பிசோனிலேயே காலமானார்.