கழற்றிப் பார்த்த மேதை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற பொங்கல் விடுமுறையில் நான் ஒரு பாடம் கற்றேன். அது வகுப்பறையில் கற்ற பாடமன்று. எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில், பழைய அம்பாசிடர் டீசல் காரின் முன்னே நின்று கற்ற பாடம்.

என் தந்தை ஒரகடம் ஆலைகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது, ஏர் பில்ட்டரில் தூசு நீக்குவது, டீசல் பில்ட்டரில் தேங்கிய தண்ணீரை வடிப்பது எல்லாமே அவர் கையால்தான். அன்று அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நானே டீசல் பில்ட்டரை மாற்றினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இது தெரியாதா என்ற எண்ணம்! ஆனால் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பி, பாட்டரியும் இறங்கியதுதான் மிச்சம்.

மாலையில் வந்த தந்தை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பில்ட்டரின் மேலிருந்த திருகைச் சற்றுத் தளர்த்தினார். கைப்பம்பை அழுத்தினார். நுரை நுரையாக வந்த டீசல், குமிழி இல்லாமல் தெளிந்து வந்ததும் திருகை இறுக்கினார். பக்கத்து வீட்டுப் பாட்டரியைக் கொண்டுவந்து இணைத்ததும் கார் உறுமியது. குழாயில் காற்றுப் புகுந்திருந்ததுதான் கோளாறு.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கினால், அது சூடேறித் தானே டீசலைப் பற்றவைக்கும். இதைத்தான் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அதே காற்று டீசல் குழாயில் புகுந்துவிட்டால், பம்பு தரும் அழுத்தத்தில் காற்றுக் குமிழிதான் அமுங்குமேயன்றி எரிபொருள் பீய்ச்சாது. சூத்திரம் எனக்குத் தெரியும்; தந்தைக்குத் தெரியாது. கார் ஓடியதோ அவர் கையால்! என் தலை கவிழ்ந்தது.

அந்த வாரத்தில்தான் நூலகத்தில் ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கையைப் படித்தேன். கோவையை அடுத்த கலங்கலில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், உழவர் குடும்பத்தில் பிறந்தார் அந்த மேதை. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்டார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! அந்த வியப்பு அவரை விடவில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை. வண்டியே ஆசிரியர், ஸ்பானரே எழுதுகோல்.

பின்னர் பஞ்சு வாணிகத்தில் இறங்கிக் கைப்பொருளை இழந்தார். மனம் தளரவில்லை. 1920இல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து பீளமேட்டில் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, வாக்குப் பதிவுக் கருவி என அவர் கை தொட்டவை பல.

எல்லாம் வெற்றியாகவே முடிந்துவிடவில்லை. 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் கார் ஒன்றைச் செய்தார். அரசின் உரிமம் கிடைக்காததால் அதன் உற்பத்தி நின்றுபோனது. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்து, முதல்வராகவும் பணியாற்றினார். பொறியியல் படிப்புக்கு அத்தனை ஆண்டுகள் தேவையில்லை, பாதிக் காலமே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகினார். 1974 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். 2025இல் திறக்கப்பட்ட கோவை அவிநாசி சாலை மேம்பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் கருத்து முழுவதையும் நான் ஏற்கிறேனா? இல்லை. நான் பட்டம் பெற வேண்டும் என்பதற்காகவே என் தந்தை இரவு ஷிப்டுக்கும் வேன் ஓட்டுகிறார். அந்தப் பட்டத்தை நான் எளிதாக எண்ண முடியாது. காற்று ஏன் அமுங்குகிறது, டீசல் ஏன் அமுங்கவில்லை என்பதைக் கல்லூரிதான் எனக்குச் சொல்லித் தந்தது. ஆனால் கை அறியாத கல்வி, காற்றுப் புகுந்த டீசல் குழாயைப் போன்றது. எத்தனை அழுத்தினாலும் எஞ்சின் ஓடாது.

நண்பர்களே! நம் ஊரைச் சுற்றிலும் ஆலைகள். ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. அங்கே உருவாகும் வண்டிகள் நம் பேருந்து நிறுத்தத்தைக் கடந்துதான் உலகுக்குப் போகின்றன. அந்த வாயில்களில் நம்மில் பலர் வேலைக்காக வரிசையில் நிற்போம். நின்றால் போதுமா? உள்ளே ஓடுவது என்ன என்று கழற்றிப் பார்க்கும் ஆர்வம் நம்மிடம் உண்டா?

அந்த மாலைக்குப் பின் ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றும்போது தந்தையின் அருகில் அமர்கிறேன். அவர் திருகை எனக்குக் காட்டுகிறார். நான் சூத்திரத்தை அவருக்குச் சொல்கிறேன். இருவரும் கற்கிறோம்.