வானத்து இருளை ஆராய்ந்த எட்வேட் பாணாட்

வறுமையிற் பிறந்து, பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதமளவே பயின்ற ஒருவர், உலகம் போற்றும் வானியலறிஞராய் உயர்ந்த வரலாறு இளைஞர் யாவரும் அறியத்தக்கது. அவரே எட்வேட் எமேசன் பாணாட்.

1857 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரிற் பிறந்த இவர், தந்தையார் முகங் கண்டறியார்; இவர் பிறக்குமுன்னரே அவர் காலமாயினார். ஒன்பதாவது வயதில் ஒரு புகைப்படசாலையில் வேலைக்கமர்ந்தார். சூரிய ஒளியாற் படங்களைப் பெருப்பிக்கும் பெருங்கருவியொன்றைச் சூரியன் நகருந்தோறும் அதன்பால் திருப்பிக்கொண்டிருத்தலே அவர் தொழில். பொறுமையும் படக்கலையும் அங்கே கைவந்தன. 1881 முதல் வால்வெள்ளிகள் பலவற்றைக் கண்டு, அவற்றுக்குக் கிடைத்த பரிசுப்பணத்தின் துணையால் வீடொன்றுங் கட்டினார். 1892 இல் லிக் வானாய்வு நிலையத்தில் வியாழனின் ஐந்தாவது உபகோளைக் கண்டுபிடித்தார்.

ஆயினும், அவர் செய்த அரும்பணி வேறு. பால்வீதியை மணிக்கணக்காய்ப் படம்பிடித்தபோது, விண்மீன் கூட்டங்களுக்கிடையே மை சிந்தினாற்போன்ற கரும் இடங்கள் தோன்றின. அவை வெற்றிடங்கள் என்று பலரும் எண்ணினர். பாணாடும் நெடுங்காலம் அங்ஙனமே கருதினார். படங்கள் பெருகப் பெருக, அவற்றுட் பல, பின்னுள்ள விண்மீன்களின் ஒளியை மறைக்கும் பொருள்களே எனத் தெளிந்தார். பழைய கருத்தைக் கைவிட அவர் நாணவில்லை. 1919 இல் 182 கரும் இடங்களின் பட்டியலை வெளியிட்டார்; 1923 இல் மறைந்தார்.

அவ்விருள் யாது? ஐதரசன் மூலக்கூறுகளும் நுண்ணிய தூசும் செறிந்த குளிர்முகிலே அது. விண்மீன்களின் ஒளியைத் தூசு தடுப்பதால், உள்ளே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 260 பாகை செல்சியசாகும். குளிரில் வாயுவின் அமுக்கம் குன்றும். அடர்ந்த கருவொன்றின் ஈர்ப்பு அவ்வமுக்கத்தை வெல்லுமாயின், கரு தன்னுள்ளே சரிந்து, சுருங்கி, சூடேறும். நடுவிடம் ஏறத்தாழ ஒரு கோடி பாகையை எட்டியதும் ஐதரசன் ஈலியமாய் இணையத் தொடங்கும். புதிய விண்மீன் நிலைபெறும்.

இத்தகைய சிறு கருமுகில்களே விண்மீன் பிறக்குமிடங்கள் என 1947 இல் பாட் போக் என்னும் அறிஞர் கருதினார். பின்னாளில் செந்நிறக்கீழ்க் கதிராய்வுகள் அதனை உறுதிப்படுத்தின. பாணாடின் பட்டியலில் 68 ஆம் எண்ணுடைய முகிலை 2001 இல் ஆராய்ந்தோர், அங்கே அமுக்கமும் ஈர்ப்பும் ஏறக்குறையச் சமன்பட்டு நிற்பதைக் கண்டனர்.

வெறுமையென ஒதுக்கப்பட்ட இருளைப் பொறுமையுடன் நோக்கினார் பாணாட். விண்மீன்களின் தொட்டில் அதுவென்று அறியுமுன்னரே அவர் மறைந்தார். அறிந்தோருக்கோ அவர் பட்டியலே வழிகாட்டிற்று. பயன் காணுமுன்னும் பணியைச் செவ்வனே செய்தல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.