தையல் கற்ற டாக்டர்

1894-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி. பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு வந்திருந்த ஜனாதிபதி சாதி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். கல்லீரலுக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய் அறுந்துபோயிற்று. டாக்டர்கள் பலர் சூழ்ந்து நின்றும், அதைத் தைக்கும் வழி எவருக்கும் தெரியவில்லை. நள்ளிரவு கழிந்ததும் ஜனாதிபதி உயிர் நீத்தார்.

அதே ஊரில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார் அலெக்ஸிஸ் காரல். அவருக்கு அப்போது 21 வயது நிரம்பவில்லை. துணி கிழிந்தால் தைக்கிறோமே, ரத்தக் குழாயை ஏன் தைக்கக்கூடாது? இந்தக் கேள்வி அவர் மனத்தைக் குடைந்தது.

பட்டுக்குப் பேர்போன ஊர் லியோன். அங்கே பூவேலையில் கைதேர்ந்த லெருதியே அம்மையாரிடம் காரல் தையல் கற்றார்!

முக்கோண உபாயம்

வட்டமான குழாயைத் தைப்பது கடினம். ஊசி பட்டால் சுவர் கிழியும். உள்ளே ரத்தம் உறையும். காரல் குழாயின் விளிம்பில் சம தூரத்தில் மூன்று தையல் போட்டு இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணமாயிற்று. நேரான ஓரங்களைத் தைப்பது எளிதாயிற்று. மெல்லிய ஊசிக்கும் பட்டு நூலுக்கும் வாசலைன் தடவினார். 1902-ல் இம்முறையை வெளியிட்டார்.

1904-ல் கடல் கடந்து சென்றார். சிக்காகோ நகரில் குத்ரி என்பவருடன் சேர்ந்து நாய்களிடம் சோதனை நடத்தினார். இருதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்வது தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை. சிரையில் ஒரு துண்டை வெட்டித் தமனியின் நடுவே வைத்துத் தைத்தார். அது தமனியின் வேலையைச் செய்தது! 1912-ல், 39-வது வயதில், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பிற்காலத்தில், மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று தரம் பிரிக்கும் கொள்கையை ஆதரித்தார். அது அவர் புகழில் படிந்த மாசு. 1944 நவம்பரில் பாரிஸில் காலமானார்.

பிழைத்த கால்கள்

காலுக்குச் செல்லும் தமனி அடைபட்டால் விரல் கறுக்கும், புண் ஆறாது, சதை அழுகும். காலை வெட்டுவதே முடிவு என்றிருந்தது. காரல் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1948-ல், பாரிஸில் டாக்டர் ழான் குன்லின் ஒரு நோயாளியின் சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தமனியோடு இணைத்துத் தைத்தார். சிரைக்குள் ரத்தத்தை ஒரே திசையில் விடும் சிறு கதவுகள் உண்டு. அவை வழி மறிக்காதிருக்கச் சிரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அடைப்பைச் சுற்றிப் புது வாய்க்கால் பிறந்தது. காலுக்கு ரத்தம் பாய்ந்தது.

அதற்குப்பின் எத்தனையோ பேர் சொந்தக் காலில் நடந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். அந்தத் தையலுக்கு முதற்பாடம், லியோன் நகரத்துப் பூவேலைக்காரி ஒருத்தி சொல்லிக் கொடுத்ததுதான்.